புதுப்பிப்பு: மாடிச் சுரைக்கொடி காய்க்கத் தொடங்கிவிட்டது

ஆடிப்பட்டத்தில் போட்ட சுரைக்கொடியில் பிஞ்சுகள் விரலளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது காய் பறிக்கிறோம்!

உரம் போதவில்லை என்றார்கள் சிலர், மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்றார்கள் சிலர். இரண்டாவதுதான் காரணம். சுரைப்பூ சாயங்காலம் விரிவது. இரவில் அந்துப்பூச்சி வந்து போக வேண்டும். எங்கள் மாடிக்கு அவை அதிகம் வருவதில்லை போல. அதனால் இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினேன். மறுநாள் வெயில் ஏறினால் பூ வாடிவிடும், தள்ளிப்போடாதீர்கள். சேர்க்கை நடந்த பிஞ்சு பச்சையாகவே பருக்கிறது, பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

பழ ஈ முட்டையிடாமலிருக்கப் பிஞ்சுகளைப் பருத்தித் துணியால் தளர்வாக மூடினோம்.

கொடியின் நுனியைக் கிள்ளச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி. பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வருகிறது.

நகம் சுலபமாக இறங்கும்போதே பறித்துவிடுங்கள், முற்றினால் கூட்டுக்கு ஆகாது. ஒரு காயை மட்டும் விதைக்காகக் கொடியிலேயே விட்டிருக்கிறோம். விதை வேண்டுவோர் சொல்லுங்கள், காய்ந்ததும் அனுப்புகிறேன்.