வெந்தயம், ஓமம், நிலாவரை: அம்மாவுக்கு எதை நிறுத்துவது?

பாளையங்கோட்டைக்காரி:
அம்மாவுக்கு வயது 67. சர்க்கரை வந்து 22 வருஷம். ஆறு மாதமாக இரண்டு இட்லிக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறது. போன வாரம் மத்தியானம் சாப்பிட்ட சோறு ராத்திரி எட்டு மணிக்கு வாந்தியில் பருக்கை பருக்கையாக அப்படியே வந்தது. மந்தம்தான் என்று நானே வைத்தியத்தில் இறங்கினேன். காலையில் ஊறவைத்த வெந்தயம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஓமத் தண்ணீர், படுக்கும்போது நிலாவரைப் பொடி. ஒரு மாதமாச்சு, வயிறு இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது. எதை விடுவது?

சரக்குக்கடை அண்ணாச்சி:
தங்கச்சி, முதலில் வெந்தயத்தை நிறுத்துங்க. நாட்டு மருந்துக் கடையில் முப்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்கு இதே தப்பை நானே செய்தவன்.

இரைப்பையின் அடிப்பாகம் நிமிடத்துக்குச் சுமார் மூன்று தடவை சுருங்கிச் சோற்றைக் கூழாக்கிக் குடலுக்குத் தள்ளும். நாள்பட்ட சர்க்கரை அதை ஆட்டிவைக்கும் நரம்பைக் கெடுத்துவிட்டால், குழவி நின்றுபோன ஆட்டுக்கல்தான். ஊறின வெந்தயத்தை விரலால் நசுக்கிப் பாருங்க, கொழகொழவென்று நூல் விடும். அந்தக் கொழகொழப்பு உணவை இரைப்பையில் கூட நேரம் பிடித்து வைக்கும். அதனால்தான் சர்க்கரை சட்டென்று ஏறாது. நன்றாக ஓடுகிற வயிற்றுக்கு அது நல்லது. ஏற்கெனவே நின்ற வயிற்றுக்கு?

ஓமத்தில் இருக்கிற தைமால் இறுகின தசையைத் தளர்த்தும். சுருட்டிப் பிடிக்கிற வலிக்குக் கேட்கும், தள்ளிவிடாது. நிலாவரை நம்ம திருநெல்வேலிச் சரக்கு, வெளிநாட்டுக்காரனும் ஊர்ப் பெயரைச் சேர்த்தே கேட்பான். ஆனால் அது வேலை செய்வது பெருங்குடலில். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகுதான் குடல் அசையும், 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இரைப்பையில் கிடக்கிற சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தள்ளுகிற சரக்கு என்றால் சுக்கு. 1.2 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோயில்லாதவர்களின் இரைப்பை சீக்கிரம் காலியானது. நரம்பு கெட்ட வயிற்றிலும் அப்படியே ஆகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போட்டால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

இரவுப்பணி நர்ஸ்:
அண்ணாச்சி சொன்னது சரி. அக்கா, பருக்கையோடு வாந்தி என்றால் இனி கைவைத்தியம் போதாது. குடல் மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் எண்டோஸ்கோப்பி செய்து அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் கதிரியக்கம் கலந்த உணவைக் கொடுத்துப் படம் எடுப்பார்கள். நான்கு மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் தாமதம் என்று அர்த்தம். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, குழைந்த கஞ்சி. கீரைத்தண்டு, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். அம்மா இன்சுலின் போடுகிறார்களா? மருந்து நேரத்துக்கு வேலை செய்யும், சோறு குடலுக்குப் போயிருக்காது. சர்க்கரை திடீரென்று இறங்கும்.

பாளையங்கோட்டைக்காரி:
சாப்பாட்டுக்கு முன்னாடிதான் ஊசி போடுகிறோம். செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குக் கை நடுங்கி, ரவிக்கை நனைகிற அளவு வியர்த்தது. வெயில் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன். நாளைக் காலையில் டோக்கன் போட்டாச்சு. வெந்தய டப்பா பரண் மேல் ஏறிவிட்டது, அண்ணாச்சி.