இந்தியாவுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வொர்த்திலிருந்து:
வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்திய அரசு தரும் ஐசிசிஆர் உதவித்தொகைக்கு மனுப் போடும் நம் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்து தோற்பதைவிட, மெட்ரிக் (நம் 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) சான்றிதழைப் புரியவைக்க முடியாமல் தோற்பதுதான் வருத்தம். நம்மிடம் இயற்பியலும் வேதியியலும் ‘ஃபிசிக்கல் சயன்சஸ்’ என்று ஒரே பாடம். முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல், தலா 150 மதிப்பெண். சான்றிதழில் ஏறுவது இரண்டும் சேர்ந்த ஒரே எண். பொறியியலுக்கு இந்தியாவில் இரண்டையும் தனித்தனியாகத் தேடுவார்கள். மனுவைப் பார்ப்பவர் ஒரு பாடம் குறைகிறது என்று ஒதுக்கிவிட்டால் அதோடு சரி. பள்ளி முதல்வரிடம் தாள் பிரிவை விளக்கிக் கடிதம் வாங்கி, மனுவோடு சேர்த்து ஏற்றுங்கள்.

முழுக் கணிதத்துக்குப் பதிலாக, அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் ‘மேத்ஸ் லிட்டரசி’ எடுத்த பிள்ளைக்குப் பொறியியல் கிடையாது. அந்த முடிவு 10ஆம் வகுப்புக்குள் நுழையும்போதே எடுக்கப்படுவதால், 9ஆம் வகுப்பிலேயே பெற்றோரிடம் பேசிவிட வேண்டும். எம்பிபிஎஸ் இந்த உதவித்தொகையில் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து:
சாட்ஸ்வொர்த் அக்கா சொன்னதோடு காகித வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ரிக் சான்றிதழ் முதலில், பள்ளிச் சான்றிதழ் வழங்கும் அமைப்பான உமாலுசியில் சரிபார்க்கப்பட வேண்டும். அதன்பிறகுதான் பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்று முத்திரை. நேரே பிரிட்டோரியாவுக்கு அனுப்பினால் திரும்பி வரும், அதற்குள் வாரங்கள் போய்விடும். ஜனவரியில் கைக்கு வருவது முடிவு அறிக்கை மட்டுமே, அசல் சான்றிதழ் பிறகுதான். இங்கே பல்கலைக்கழகம் பிப்ரவரியில் தொடங்கும், அங்கே ஜூலை, ஆகஸ்ட். இடையில் கிடைக்கும் மாதங்களை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

இந்தியா போய்ச் சேர்ந்ததும் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசா என்றால் 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். விடுதி முகவரிச் சான்று கேட்பார்கள், அதை முதல் நாளே விடுதி அலுவலகத்தில் எழுதி வாங்கட்டும்.

டோங்காட்டிலிருந்து:
காகிதம் சரியாக இருந்தும் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சென்னையிலோ கோவையிலோ விடுதியில் முதல் வாரமே, “தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறாய், தமிழ் தெரியாதா?” என்று கேட்பார்கள். பிள்ளை கூனிக்குறுகிப் போகும். கூனிக்குறுக எதுவுமே இல்லை! பதில் சொல்லப் பழக்கி அனுப்புவது நம் பொறுப்பு.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் இறங்கினார்கள். நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்தது, தூதரக உறவு மீண்டது 1993இல். அத்தனை காலம் ஊர்த் தொடர்பு அறுந்து, பள்ளிகள் ஆங்கிலத்திலேயே நடந்த குடும்பங்களில் பேச்சுத் தமிழ் தேய்ந்தது. இதை ஒரு பிள்ளை நிமிர்ந்து சொன்னால், கேட்கும் பிள்ளைக்கும் ஒரு வரலாறு கிடைக்கிறது. மாநாட்டு மேடையில் எத்தனை தீர்மானம் போட்டாலும், இரண்டு நாட்டுப் பிள்ளைகள் பழகுவது இப்படித்தான் தொடங்குகிறது.

பொறியியல் போகிறவர்களுக்கு இன்னொன்று. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் உண்டு, ஆனால் எல்லா இந்தியக் கல்லூரிகளுக்கும் அது பொருந்தாது. இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்பிஏவின் ‘டயர் 1’ (முதல் நிலை) அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். திரும்பி வந்து, வெளிநாட்டுப் பட்டங்களை இங்கே மதிப்பிடும் சாக்வா அமைப்பின் மதிப்பீட்டுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மதிப்பெண் பட்டியல் முழுவதையும் அங்கிருந்து கிளம்புமுன்பே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.