பயிற்றுநரை நடுவில் மாற்றலாமா? விமானம் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்களே, அக்காக்களே, வணக்கம். வணிக விமானி உரிமத்துக்காக செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். 46 மணி நேரம் முடிந்திருக்கிறது. உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரத்தைத் தொட இன்னும் நாளாகும். அதற்குள் மூன்று பயிற்றுநர்கள் மாறிவிட்டார்கள். முதலாமவர், தரையிறங்கும்போது ஓடுபாதையின் கடைசி முனையைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். அடுத்தவர் நான் தடுமாறுவதற்கு முன்பே கண்ட்ரோலை வாங்கிவிடுவார். கைக்குப் பழக்கமே வரவில்லை. இப்போதும் மூக்கை மெல்லத் தூக்க வேண்டிய அந்த இரண்டு மூன்று நொடியில் அவசரப்படுகிறேன். விமானம் ஒரு துள்ளு துள்ளித்தான் உட்காருகிறது.

இறங்கியதும் பத்து நிமிடம் உட்கார்ந்து என் தவறை விளக்குபவர்தான் எனக்கு வேண்டும். நீங்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள்? அதிக மணி நேரம் பறந்தவரையா, பொறுமையானவரையா? பயிற்றுநரை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் பள்ளியில் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

அப்புறம், டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் எழுத்துத் தேர்வு. வானிலையும் ரெகுலேஷனும் (வான்வழி விதிகள்) தேறிவிட்டேன். நேவிகேஷன், அதாவது வழி கணிக்கும் பாடம்தான் பயமாக இருக்கிறது. 70 சதவீதம் எடுத்தாக வேண்டும். காற்றின் தள்ளலுக்கு ஏற்ப விமானத்தின் திசையையும் வேகத்தையும் கண்டுபிடிக்கும் காற்று முக்கோணக் கணக்கிலேயே நேரம் போய்விடுகிறது. வேகமாகப் போட எப்படிப் பழகினீர்கள்? அப்பா நிலத்தை அடகு வைத்துக் கட்டிய பணம், ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க மனமில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.