கல்யாணத்துக்கு 12 வாரம்: பல்லா, முகமா, எதை முதலில் தொடுவது?

ஈசூன்வாசி:
பெண்ணுக்கு 27 வயது, மாநிறம். முகூர்த்தத்துக்குச் சரியாக 12 வாரம். பல் பொதுவாகவே மஞ்சள். மேல்வரிசை முன்பல் ஒன்றில் பல் நிறத்திலேயே பழைய ஃபில்லிங். முகத்தில் பரு போன இடமெல்லாம் பழுப்புத் தழும்பு, தாடையோரம் இன்னும் புதுப்பரு வந்துகொண்டிருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் ஒரு இடத்தில் "1 மணி நேரத்தில் 8 ஷேட்" (8 நிறப்படி) பல் வெளுப்பு, பீல் (அமிலம் பூசித் தோலை உரிப்பது), லேசர் மூன்றையும் ஒரே பேக்கேஜாகத் தள்ளப் பார்க்கிறார்கள். எது முதலில், எவ்வளவு வீரியம், எங்கே சொதப்பும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கடைவாய்:
பல்லை மட்டும் நான் சொல்கிறேன்.

அந்த ஃபில்லிங்கை இப்போது தொடவேண்டாம். வெளுப்பு ஜெல் பல்லைத்தான் வெளுக்கும். ஃபில்லிங், கிரவுன் (பல் உறை), வெனீர் (பல்லின் முன்னால் ஒட்டும் தகடு) எல்லாம் இருந்த நிறத்திலேயே இருக்கும். பல் வெளுத்ததும் பழைய ஃபில்லிங் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும், அப்போது புது நிறத்துக்குப் பார்த்து மாற்றுங்கள். அதுவும் ஜெல்லை நிறுத்திக் குறைந்தது 2 வாரம் கழித்து. பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன், ஃபில்லிங் ரெசின் (பிசின்) இறுகுவதைக் கெடுக்கும். அவசரப்பட்டு ஒட்டினால் பிடிப்பு இருக்காது. பல்லின் நிறமும் அந்த 2 வாரத்தில்தான் நிலைக்கு வரும்.

முதல் வாரம் சொத்தை பார்க்க எக்ஸ்ரே, கூடவே ஸ்கேலிங் (பல்லில் படிந்ததைச் சுரண்டிச் சுத்தம் செய்வது). கோப்பி, தே, வெற்றிலைக் கறை பல்லின் மேல் படிவது, பாதி ஸ்கேலிங்கிலேயே போய்விடும். ஈறு ஆற ஒரு வாரம் விட்டுவிட்டு ஜெல்.

வீட்டில் போடுவதற்கு 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல் போதும். அது கிட்டத்தட்ட 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். பல் அச்செடுத்துச் செய்த, பல்வரிசைமேல் மாட்டும் மெல்லிய டிரேயில், ஒவ்வொரு பல்லுக்கும் அரை அரிசி அளவு, முன்சுவரின் உள்பக்கம் நடுவில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். டிரேயை அழுத்தியதும் ஈறுப் பக்கம் பிதுங்குவதைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட வேண்டும். ஈறு வெள்ளையாக வெளிறிப்போனால் ஜெல் அளவு அதிகம் என்று அர்த்தம். கொப்பளித்துவிட்டு அன்றைக்கு நிறுத்துங்கள், தானாகச் சரியாகும். நிறையப் போட்டால் நிறைய வெளுக்கும் என்பது கிடையாது.

இரவு முழுக்க வைக்கலாம். 2 மணி நேரம் கழித்தும் ஜெல்லில் பாதிக்கு மேல் வீரியம் இருக்கும், அதனால் தூக்கம் கெட்டால் அந்த 2 மணி நேரத்தோடு எடுத்துவிட்டாலும் பலன் உண்டு. 2, 3 வாரத்தில் முடியும். முதலில் மேல்வரிசை மட்டும் போடுங்கள். கீழ்வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

சுரீர் என்று மின்னல் அடித்த மாதிரி கூச்சம் பலருக்கு வரும். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையை 2 வாரம் முன்பிருந்தே தேய்த்து வந்தால் குறையும். கூச்சம் வந்துவிட்டால் ஜெல்லை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள்.

"8 ஷேட்" கதை இதுதான்: ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்தால் பல் உலர்ந்துபோகும். உலர்ந்த பல் சாதாரணமாகவே வெள்ளையாகத் தெரியும். அந்த நிமிடம் படமெடுத்துக் காட்டுகிறார்கள். எச்சில் ஊறி ஓரிரு நாளில் கொஞ்சம் இறங்கிவிடும். ஒரு வாரம் கழித்துத் தெரிவதுதான் நிஜ நிறம். நீல விளக்கால் பெரிய வித்தியாசம் எதுவும் வராது.

ஒரே ஒரு பல் மட்டும் சாம்பலாக இருந்தால் இது எதுவும் வேலைக்கு ஆகாது. நரம்பு செத்த பல்லா என்று பார்க்க வேண்டும். அதற்கு வேர் சிகிச்சை, பிறகு உள்ளே மருந்து வைத்து வெளுப்பது, அது தனிக் கணக்கு.

நிழற்குடை:
முகத்துக்கு நான்.

புதுப்பரு நிற்காமல் பீலுக்குப் போவது, ஒழுகும் கூரைக்குக் கீழே தரையைத் துடைக்கிற வேலை. இன்றைக்கே டாக்டரைப் பார்த்து அடாபலீன் 0.1% (பரு மருந்து) ஆரம்பியுங்கள். இரவில், உலர்ந்த முகத்தில், ஒரு பட்டாணி அளவு முழு முகத்துக்கும். பருவின் மேல் மட்டும் அல்ல. முதல் 2, 3 வாரம் தோல் உரியும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும், அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். காலையில் அசலேயிக் அமிலம் 15 அல்லது 20%, அது பருவுக்கும் தழும்புக்கும் சேர்த்து.

கல்யாணமானதும் குழந்தைக்குத் திட்டம் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடாபலீன், தழும்பின் நிறம் குறைக்கத் தரும் ஹைட்ரோகுவினோன் இரண்டையும் நிறுத்தச் சொல்வார், அசலேயிக் தொடரலாம்.

பீல் என்றால் நம் தோலுக்கு மேலோட்டமானது மட்டும். சாலிசிலிக் 20%இல் தொடங்கி 30%, இல்லையென்றால் கிளைகாலிக் 20, 30%. 5, 7, 9ஆம் வாரங்களில் ஒவ்வொன்று, அதற்கு மேல் வேண்டாம். கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் 3 வாரம் இடைவெளி கட்டாயம். பீலுக்கு ஒரு வாரம் முன்பே அடாபலீன், த்ரெடிங், வேக்ஸிங் எல்லாம் நிற்க வேண்டும்.

பீல் போடும்போது என்ன நடக்கிறது என்று பெண்ணுக்குத் தெரிந்திருப்பது நல்லது. மூக்கோரம், உதட்டு மூலை, கண் மூலையில் வாசலின் வைக்க வேண்டும், அமிலம் அங்கேதான் போய்த் தேங்கும். சாலிசிலிக் கரைசலில் உள்ள ஆல்கஹால் ஆவியாகி வெள்ளைப் பொடி மாதிரி படியும். அது படிகம், பயப்பட ஒன்றுமில்லை. கிளைகாலிக்கில் அதே வெள்ளை தெரிந்தால் மேல்தோல் வேகிறது! அந்த நொடியே பைகார்பனேட் கரைசல் போட்டு நிறுத்தியாக வேண்டும். லேசான சிவப்போடு நிறுத்துவதுதான் கணக்கு. பக்கத்தில் கடிகாரமும் கரைசலும் இல்லாமல் கிளைகாலிக் பூசுகிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

லேசரை இந்த 12 வாரத்தில் தவிர்ப்பதே என் கருத்து. பழுப்புத் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான். அதையும் வாராவாரம் அடித்தால் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள் விழும், அதைத் திரும்ப நிறம் ஏற்றுவது மகா கஷ்டம். ஐபிஎல் (பளிச்சிடும் ஒளிச் சிகிச்சை) இன்னும் மோசம்: தோலின் மெலனினே ஒளியை உறிஞ்சி, கருவி முனை பட்ட செவ்வக வடிவத்திலேயே சுட்டுவிடும். தாடை முடிக்கு லேசர் போட்டால் எதிர்மாறாக முடி அடர்ந்து வளர்வதும் நம் பெண்களிடம் உண்டு.

சன்ஸ்கிரீன் இல்லாமல் மேலே சொன்ன எல்லாம் தண்டம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கினால் முகம், கழுத்துக்குச் சரி. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப. நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ளதாக வாங்குங்கள். நம் தோலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருக்க வைக்கும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணி வாக்கில். சரியாக மதிய உணவுக்கு நடக்கிற நேரம்.

கோப்பி ஓ கொசோங்:
நிழற்குடை அக்கா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: நலங்கு. பீல் போட்ட ஒரு வாரத்துக்குள் மஞ்சள் பூசினால் எரியும், உரிந்த இடத்தில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பந்தக்காலுக்கே மஞ்சள் பூசுகிற வீடாக இருந்தால் தேதியை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லும் அத்தைமார்களையும் தூர நிறுத்துங்கள், சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம், பிறகு மாதக்கணக்கில் கறுப்பு.

"7 நாளில் சிவப்பழகு" கிரீம் யாராவது பரிசாகக் கொடுத்தால் குப்பைக்கு. பாதரசம், ஸ்டீராய்டு கலந்தவற்றைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. டாக்டர் தரும் ஹைட்ரோகுவினோன்கூட டியூப் வாயில் பழுப்பாக மாறியிருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். கடையில் விற்கும் வெளுப்புப் பேனா, பட்டை போதாதா? மலேசியா பக்கம் ஜோகூரில் செலவு குறைவாமே, அங்கே போகலாமா? மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எடுக்க முடியுமா?

கடைவாய்:
மெடிசேவ், சாஸ் (அரசாங்க மருத்துவச் சலுகைத் திட்டம்) இரண்டும் அழகுக்குக் கிடையாது. இங்கே கடையில் நேரடியாக விற்கும் பொருளில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1%க்கு மேல் இருக்கக்கூடாது; அதைத் தாண்டினால் பல் மருத்துவர் வழியாகத்தான். 0.1% பேனாவால் பல்லின் நிறம் மாறாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பட்டையில் வீரியம் எழுதியிருக்காவிட்டால் வாயில் வைக்காதீர்கள்.

ஜோகூரில் ஸ்கேலிங், டிரே செய்துகொள்வதில் தவறில்லை, விளிம்பு ஈறில் குத்தினால் சீவ இன்னொரு நடை போகவேண்டும், அவ்வளவுதான். பீல் வேண்டாம். தொந்தரவு தெரிவது மூன்றாம் நாள். அன்றைக்கு உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கப் போகிறீர்களா? பருவுக்குப் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் தேசிய தோல் நிலையத்தில் சலுகைக் கட்டணம், ஆனால் தேதி கிடைக்கத் தாமதமாகலாம், முதலில் அதைக் கேளுங்கள். தனியார் என்றால் பணம் கட்டும் முன் பெயரைச் சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், இணையத்திலேயே இருக்கிறது.

ஜெல் சிரிஞ்சை ஃப்ரிட்ஜில் வையுங்கள். காரில் ஒரு மத்தியானம் கிடந்தால் வீரியம் குறையலாம், பிறகு டிரே சரியில்லை என்று கிளினிக்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.