காட்மியம் நச்சு: சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ள உதவி தேவை

என் அண்ணன் காற்றோட்டமில்லாத பட்டறையில், காட்மியம் கலந்த வெள்ளிப் பற்றவைப்புக் கம்பியைக் கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்து, சென்ற ஆண்டுதான் அதை விட்டார். புகைப்பழக்கமும் இருந்தது, அதுவே காட்மியத்தைச் சேர்க்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். இப்போது அவருக்கு முதுகெலும்பிலும் இடுப்பிலும் வலி இருக்கிறது, வாசனை தெரிவதில்லை, சிறுநீரில் புரதம் கசிகிறது.

இரத்தத்தில் காட்மியம் இயல்பான அளவே இருந்ததால் முதலில் பார்த்த மருத்துவர் கவலை வேண்டாம் என்றார். ஆனால் இரத்த அளவு பெரும்பாலும் அண்மைக்காலத் தொடர்பையே காட்டும். சிறுநீரகத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேலும் தங்கும் சுமையைச் சிறுநீர் அளவே காட்டும் என்பதால், அதையும் பார்த்தோம்: ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு (சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) 4.2 மைக்ரோகிராம். கிரியேட்டினினும் சர்க்கரையும் இயல்பு. சிறுநீரகக் குழாய்கள் சேதமானால் சிறுநீரில் கூடும் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறு புரதமும் இயல்பு என்றே வந்தது. ஆனால் சிறுநீரின் pH அளவு 5.2, அதாவது அமிலத்தன்மை மிகுதி என்பதால், அப்புரதம் சிதைந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. உலோகத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துச் சோதிக்கலாம் என்று ஒருவர் சொன்னதை, அந்த முடிவை ஒப்பிட நம்பகமான அளவுகோல் இல்லாததால், மறுத்துவிட்டோம்.

அதே சேதத்தைக் காட்டும், ஆனால் அமிலச் சிறுநீரிலும் சிதையாத ரெட்டினால் பிணைப்புப் புரதத்தை அளந்து பார்ப்பதுதான் சரியான அடுத்த படியா?