ஒன்பதாம் வகுப்புப் புள்ளியியலை ஏலக்காய், தேயிலைக் கொழுந்து வைத்து நடத்த முடியுமா?

பெரியாறு டீச்சர்:
வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ்வழிப் பள்ளி. பிள்ளைகள் கூட்டுச் சராசரியைப் பிழையில்லாமல் போடுகிறார்கள். "இங்கே சராசரி பொருந்துமா, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) பொருந்துமா?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. பாடக் கணக்கில் 'மதிப்பெண்' என்று இருந்த இடத்தில் 'ஏலக்காய் மூட்டை' என்று மாற்றியும் பலனில்லை. மூன்று பீரியடில் முடிகிற, செலவில்லாத பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.

கம்பம் கணக்கு:
பெயரை மட்டும் மாற்றினால் அது பழைய கணக்கேதான், டீச்சர். அளவைப் பிள்ளைகளே எடுக்க வேண்டும்.

சலிக்காத ஏலக்காய் 100 கிராம் போதும். சலித்த காய் வேண்டாம், எல்லாம் ஒரே அளவில் இருக்கும், வீச்சே கிடைக்காது. செய்தித்தாளில் கொட்டிக் கலக்கி, ஒரு ஓரத்திலிருந்து கரண்டியால் அள்ளி, விழுந்ததை எல்லாம் அப்படியே எடுங்கள். கையால் பொறுக்கவிட்டால் பெரிய காயாகத்தான் எடுப்பார்கள். குழுவுக்கு 40 காய்.

ஆய்வகத்து வெர்னியர் அளவுகோல் 0.1 மி.மீ வரை காட்டும். தவறு நடப்பது இங்கேதான். காய் முப்பட்டையாக இருப்பதால், திருப்பித் திருப்பி வைத்தால் ஒரே காய்க்கு வேறு வேறு அளவு வரும். 'அதிக அகலம் காட்டும் பக்கம்' என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தாடையை இறுக்கினால் காய்ந்த தோல் நசுங்கி, அளவு குறையும். தொட்டதும் நிறுத்தச் சொல்லுங்கள்.

பிரிவு இடைவெளி 0.5 மி.மீ வையுங்கள். 1 மி.மீ வைத்தால் மூன்று நான்கு செவ்வகத்தோடு படம் முடிந்துவிடும். கடைசியில் ஒவ்வொரு பிரிவின் மைய மதிப்பால் வரும் சராசரியையும் 40 அளவுகளை நேரே கூட்டி வந்த சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதவையுங்கள். இரண்டும் ஏன் சற்றே விலகுகின்றன என்று அவர்களே கேட்பார்கள்.

தேயிலைமேடு:
உங்கள் கேள்விக்கு நேரான பயிற்சி கொழுந்து எடைதான். ஒன்பது பேர் ஒரு நாளில் எடுத்த கிலோ என்று பலகையில் எழுதுங்கள்: 18, 21, 22, 22, 23, 24, 25, 26, 62. சராசரி 27, இடைநிலை அளவு 23. ஒன்பதில் எட்டுப் பேர் சராசரிக்குக் கீழே!

உடனே "62 தப்பு சார்" என்பார்கள். அழிக்கவிடாதீர்கள். இயந்திரத்தால் வெட்டியிருக்கலாம், இரண்டு பேர் எடை சேர்ந்திருக்கலாம். காரணம் தெரியாமல் ஒரு எண்ணை நீக்கக் கூடாது என்பதை இந்த இடத்தில் அழுத்தியே சொல்ல வேண்டும். வீட்டுக் கூலியை மட்டும் வகுப்பில் கேட்காதீர்கள், பிள்ளைகள் கூசிப்போவார்கள். எடைச் சீட்டிலும் பெயர் வேண்டாம்.

போடி ஏலம்:
நிறையிட்ட சராசரிக்கு (ஒவ்வொரு விலையிலும் எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் போடும் சராசரி) ஏல விலை. புத்தடி, போடி ஏலக்காய் ஏலத்தில் அன்றாடம் வெளியாகும் அதிக விலையும் சராசரி விலையும் பிள்ளைகள் வீட்டில் காதில் விழுபவை. வகுப்புக்காக ஒரு கணக்கு: 20 கிலோ ரூ.2500, 50 கிலோ ரூ.2000, 130 கிலோ ரூ.1800. மூன்று விலையைக் கூட்டி மூன்றால் வகுத்து 2100 என்பார்கள். மொத்தப் பணம் 3,84,000 ரூபாயை 200 கிலோவால் வகுத்தால் 1920. அந்த 180 ரூபாய் எங்கே போனது என்று கேளுங்கள்.

பெரியாறு டீச்சர்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: சரியாக 7.0 மி.மீ வந்தால் எந்தப் பிரிவு?

கம்பம் கணக்கு:
7.0–7.5. கீழெல்லை உள்ளே, மேலெல்லை வெளியே. அளக்கத் தொடங்கும் முன்பே பலகையில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே காயை இரண்டு குழுவும் வேறு வேறு பிரிவில் கோடு போட்டு எண்ணும்.