ஹெரால்டு காரின் வின்டேஜ் பதிவுக்குக் கூட்டமைப்பின் சான்று வேண்டுமா? உதவி தேவை

வில்லியனூர்_வாசி: வணக்கம். எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு வின்டேஜ் பதிவு கேட்டு விண்ணப்பித்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பு சான்று தந்தால்தான் வேலை நடக்கும் என்று பாரிசில் இருக்கும் என் சித்தப்பா சொல்கிறார். அந்தச் சான்றைப் பெற எதில் சேர வேண்டும்? அடுத்த மாதம் ஓர் அணிவகுப்பு இருப்பதால் அவசரம்.

மஞ்சக்குப்பத்தார்: எந்த ஆண்டு வண்டி, புதுச்சேரிப் பதிவா கடலூர்ப் பதிவா, திருப்பியபோது என்ன காரணம் எழுதியிருந்தார்கள்? இவை தெரியாமல் வழி சொல்வது கடினம், ஐயா.

முத்தியால்பேட்டை_சிட்ரோன்: உங்கள் சித்தப்பா சொல்வது பிரான்சுக்கு முற்றிலும் சரி. 1967-இல் தொடங்கிய எஃப்.எஃப்.வி.இ. என்னும் கூட்டமைப்பு, 30 ஆண்டு கடந்து, தயாரிப்பு நின்றுபோய், அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குச் சான்று தருகிறது. அதைக் காட்டித்தான் அங்கே 'கொலெக்சியோன்' (சேகரிப்பு வாகனம்) பதிவுச் சீட்டு வாங்குகிறார்கள். நீங்களும் 1966-இல் உருவான பன்னாட்டுப் பழைய வாகன அமைப்பான ஃபீவாவின் அடையாள அட்டையை முதலில் வாங்கிவிடுங்கள். அதை மீறி எந்த அலுவலகமும் மறுக்காது என்பது என் உறுதியான கருத்து.

விதி_81: விதியைப் படிக்காமல் விண்ணப்பிப்பதும் படிக்காமல் பதில் சொல்வதும் இந்த இழைகளில் வழக்கமாகிவிட்டது, எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வண்டிகளுக்காக 81ஏ முதல் சேர்த்த பகுதியை ஒருமுறையாவது படியுங்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பதிவெண்ணில் 'விஏ' என்னும் எழுத்து வரிசை புதிதாகப் பதிபவர்களுக்கு மட்டுமே. ஃபீவா அட்டை பதிவுச் சான்று ஆகாது.

முத்தியால்பேட்டை_சிட்ரோன்: அட்டை பதிவுச் சான்று ஆகும் என்று நான் எழுதவில்லை. ஆனால், கூட்டமைப்புகளை இப்படித் தள்ளிவிடுவதை ஏற்க மாட்டேன். பழைய பெயின்டையும் சீட் துணியையும் முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்னும் எண்ணத்துக்கு ஃபீவாவின் டூரின் சாசனம்தானே எழுத்து வடிவம் தந்தது? அந்த அறிவு நம் ஊருக்கு வராததால்தான், நல்ல நிலையில் இருந்த வண்டிகளைச் சுரண்டிப் பளபளவென்று பெயின்ட் அடித்துப் பாழாக்கினோம்.

விதி_81: பரிசோதிக்கும் அதிகாரி சாசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை. அவருக்கு வேண்டியவை ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றும் என்ஜின், சேசிஸ் எண்களும் மட்டுமே.

திருப்பாதிரிப்புலியூர்_பட்டறை: பெயின்ட் விவாதம் பிறகு இருக்கட்டும். தம்பி, ஹெரால்டின் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் சாயும், அதனால் என்ஜின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது அந்தப் பழைய 948 சி.சி. பெட்ரோல் என்ஜின்தானா?

மஞ்சக்குப்பத்தார்: நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். நம் பகுதியில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து பலர் என்ஜினையே மாற்றியிருக்கிறார்கள்.

வில்லியனூர்_வாசி: மன்னிக்கவும், தாமதமாகிவிட்டது. வண்டி 1969, புதுச்சேரிப் பதிவு. 'என்ஜின் எண் பொருந்தவில்லை' என்றுதான் காரணம் எழுதியிருந்தார்கள்; தட்டச்சுப் பிழை என்று எண்ணி இங்கே குறிப்பிடவில்லை. அப்பா டீசல் என்ஜின் மாற்றியது இன்றுதான் அம்மா சொல்லித் தெரிந்தது. பழைய என்ஜின் மாட்டுக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்_பட்டறை: அதைப் பழைய இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறவிடுங்கள், இறுகியிருந்தால் தளரும். சுத்தியலால் அடித்துச் சுழற்ற முயல வேண்டாம். டீசல் மாற்றத்தை அப்பா ஆர்.சி.யில் பதிந்தாரா?

விதி_81: வின்டேஜ் பதிவு பெற்றபின் அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். சந்தைக்கு எடுத்துப் போவதாக இருந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்கும் சாதாரணப் பதிவே உங்களுக்கு ஏற்றது.

வில்லியனூர்_வாசி: கொட்டகை என்ஜினின் எண் ஆர்.சி.யோடு பொருந்துகிறது. ஊறப் போட்டிருக்கிறோம். இந்த அணிவகுப்புக்கு வர மாட்டேன். நன்றி.